மனக்காயத்துக்குச் சரியான மருத்துவரைத் தேடுவது எப்படி?

 

நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்கு இருதயம், சிறுநீரகம், பிரசவம், விபத்து என்று பல மனுக்கள் வருகின்றன. இவற்றுக்கு நடுவே நோயின் பெயரே இல்லாத மனுக்களும் உண்டு. "நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அப்படி வருபவர்களை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டால், சிலரிடம் அதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருப்பது தெரிகிறது. சாலை விபத்தில் கண்ணெதிரே ஒருவர் இறந்திருப்பார். வளைகுடாவில் வேலைத்தளத்தில் ஏதோ நடந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே அடி உதை இருந்திருக்கும். சிறு வயதில் யாரிடமும் சொல்ல முடியாத கொடுமை நடந்திருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களில் சிலருக்கு இன்றும் இரவில் அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் உடல் நடுங்குகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவம் உண்டு, பலனும் உண்டு. ஆனால் யாரிடம் போவது, போனால் என்ன கேட்பது என்று தெரியாததால் பணமும் காலமும் வீணாகின்றன. தவறான ஒருவரிடம் ஒருமுறை போய்வந்தவர் மறுபடி யாரிடமும் போக மறுத்துவிடுகிறார். அதனால் இந்த இதழின் பாடத்தை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மனக்காயம் என்றால் என்ன?

உயிர் போகும் அளவுக்கான ஆபத்தை, கடுமையான காயத்தை அல்லது பாலியல் கொடுமையை நேரில் சந்தித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் முதல் சில வாரங்கள் தூக்கமின்மை, பயம், அழுகை எல்லாம் இருப்பது இயல்பு. பெரும்பாலானோருக்கு அது மெல்ல மெல்லத் தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலாகியும் தணியாமல், வேலை, குடும்பம், இபாதத் ஆகியவற்றைக் கெடுக்கும் அளவுக்கு நீடித்தால் அதை மருத்துவர்கள் ஒரு நோயாகப் பார்க்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.டி.எஸ்.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் 1980-இல்தான் இடம்பெற்றது. நோயோ மனிதன் எவ்வளவு காலமாக இருக்கிறானோ அவ்வளவு பழையது.

இதன் அடையாளங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, நடந்தது திரும்பத் திரும்ப வருவது. கனவாக வரும், அல்லது விழித்திருக்கும்போதே மறுபடி நடப்பது போலத் தோன்றும். இரண்டாவது, ஒதுங்குவது. அந்தச் சாலை வழியே போகமாட்டார், அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். மூன்றாவது, எண்ணமும் உணர்வும் மாறிப்போவது. "என்னால்தான் நடந்தது" என்ற குற்ற உணர்வு இருக்கும், பிள்ளைகளைக் கண்டாலும் சந்தோஷம் வராது. நான்காவது, உடல் எப்போதும் உஷார் நிலையிலேயே இருப்பது. கதவு படீரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும், சின்ன விஷயத்துக்கும் கடும் கோபம் வரும், தூக்கம் பிடிக்காது.

சிறு பிள்ளைகள் இதை வாயால் சொல்லமாட்டார்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, உம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, நடந்த சம்பவத்தையே விளையாட்டாக மறுபடி மறுபடி ஆடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

உலக மக்களில் சுமார் 3.9 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அவர்களில் நான்கில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை நாடுகிறார் என்றும் அது சொல்கிறது. மற்ற மூவரும் நம் வீடுகளைப் போன்ற வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

இது ஈமானின் குறைவா?

"ஒழுங்காகத் தொழுதால் சரியாகிவிடும்", "ஸப்ரு செய்" என்று சொல்வது நம்மிடம் வழக்கம். சொல்பவரின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கேட்பவர் காதில் "உனக்கு ஈமான் போதவில்லை" என்றே அது விழுகிறது. ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கு இன்னொரு சுமையை ஏற்றுகிறோம்.

யஃகூப் (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். அழகிய பொறுமைக்கு உதாரணமாகக் குர்ஆன் காட்டும் நபி அவர்கள். மகன் யூஸுஃபின் பிரிவுத் துயரால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்பதையும் அதே அத்தியாயம் சொல்கிறது. பொறுமையும் துயரமும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும்.

உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் வஹ்ஷி. பின்னாளில் அவர் இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தம் பார்வையில் படாமல் இருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. மன்னிப்பது வேறு, நினைவு தரும் வலி வேறு என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. "மன்னித்துவிட்டேன் என்கிறாய், பிறகு ஏன் அவர் வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்கிறாய்?" என்று பாதிக்கப்பட்டவர்களை நெருக்குபவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும்.

முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். இவை உடல் நோய்க்கு மட்டும் உரியவை என்று நம் முன்னோர் விளங்கிக்கொள்ளவில்லை. ஹிஜ்ரி 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். பயம், துக்கம், கோபம், வஸ்வாஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பரிகாரம் சொன்னார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃப் சொத்துக்களைக் கொண்டு நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. மன வைத்தியம் நேற்று வெளியிலிருந்து வந்த ஒன்று என்று நாம் கருதத் தேவையில்லை.

ஓதிப் பார்ப்பதும் மருத்துவமும்

குர்ஆன் ஓதி ஷிஃபாவுக்காக துஆ கேட்பது நம் மார்க்கத்தில் உள்ளது. அதனால் மனம் அமைதி பெறுகிறது. அதை யாரும் விடவேண்டியதில்லை. ஆனால் "ஜின் பிடித்திருக்கிறது, சூனியம் வைத்திருக்கிறார்கள், மருந்தை நிறுத்து" என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது ஆகிய எதுவும் சிகிச்சை ஆகாது. அடி வாங்கியதால் நோயாளியானவரை மறுபடி அடித்தால் நோய் கூடத்தான் செய்யும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகைக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அதன் பிறகு அங்கே நிலைமை மாறியது. தர்காவுக்கு வருவோர் துஆவோடு மருந்தும் பெறும்படி அரசு மனநலக் குழு அங்கேயே சேவை செய்யும் ஏற்பாடு வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. துஆவும் தவாவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நல்ல ஆலிம் ஒருவர் "ஓதுங்கள், டாக்டரையும் பாருங்கள்" என்றுதான் சொல்வார்.

யார் யாரிடம் போகலாம்?

பெயர்ப் பலகைகள் பலவிதமாக இருப்பதால் குழப்பம் வருகிறது. நான்கு வகையினரைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலைக்குப் பிறகு மருத்துவ உளவியலில் எம்.ஃபில். போன்ற பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். மருந்து எழுதமாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். மனக்காயத்துக்கான முறையான சிகிச்சையைப் பெரும்பாலும் இவரிடம்தான் பெறுவோம்.

மனநல சமூகப் பணியாளர்: குடும்பத்தோடு பேசுவது, வேலை, அரசு உதவி, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர். பெரிய மருத்துவமனைகளில் இருப்பார்.

ஆலோசகர்: கவுன்சலர் என்று பலகை வைத்திருப்பவர். இவர்களில் முதுகலை படித்து நல்ல அனுபவம் பெற்றவர்களும் உண்டு, ஒரு வாரச் சான்றிதழை மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மனநல மருத்துவரிடம் தொடங்குங்கள். தைராய்டு போன்ற உடல் கோளாறு ஏதும் காரணமா என்று அவர் பார்த்துவிடுவார். தேவைப்பட்டால் உளவியலாளரிடம் அனுப்புவார்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

"போனால் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களே" என்ற பயமே பலரைத் தடுக்கிறது. முறையாகப் பயின்றவர் முதல் நாளே அப்படிச் செய்வதில்லை. முதலில் பழகுவார், நோயை விளக்குவார், படபடப்பு வரும்போது உடலை எப்படி அமைதிப்படுத்துவது, தூக்கத்தை எப்படிச் சீர்செய்வது என்று கற்றுத் தருவார். நோயாளிக்குக் கொஞ்சம் பிடிமானம் வந்த பிறகுதான் நினைவுகளைத் தொடுவார். அதுவும் நோயாளியின் சம்மதத்தோடு, அவர் தாங்கும் அளவுக்கு.

உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்குப் பரிந்துரைக்கும் பேச்சுச் சிகிச்சைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மனக்காயத்தை மையமாகக் கொண்ட எண்ணம்-நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி. "என்னால்தான் நடந்தது" போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், ஒதுக்கி வைத்த இடங்களையும் நினைவுகளையும் படிப்படியாக நெருங்கவும் இது பழக்குகிறது. இன்னொன்று இ.எம்.டி.ஆர். நினைவை மனதில் நிறுத்திக்கொண்டே, மருத்துவர் அசைக்கும் விரலைக் கண்களால் இருபுறமும் பின்தொடரும் முறை. இதில் நடந்ததை விரிவாக வாயால் சொல்ல வேண்டியது குறைவு என்பதால், பேச முடியாதவர்கள் சிலருக்கு இது எளிதாக இருக்கிறது. பொதுவாக ஒரு சம்பவத்தால் வந்த நோய்க்கு 8 முதல் 12 அமர்வுகள் என்று திட்டமிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் நீடித்த கொடுமைக்கு ஆளானவர்களுக்குக் கூடுதல் காலம் ஆகும்.

நினைவுகளைத் தொடும் வாரங்களில் சிலருக்குக் கனவும் அழுகையும் தற்காலிகமாகக் கூடும். "போகப் போக மோசமாகிறது" என்று பாதியில் நிறுத்திவிடாமல் அதை அவரிடமே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

மருந்தில் செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவை வழக்கம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், பழைய அறிகுறிகள் திரும்புவது போன்ற தொல்லைகள் வரலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்து அல்ல. பழக்கமாகிவிடும் ஆபத்து அதில் உண்டு.

ஒரு சகோதரரின் அனுபவம்

அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதைச் சொல்கிறோம். வளைகுடாவில் கட்டட வேலைத்தளத்தில் ஓட்டுநராக இருந்தவர். கூட வேலை பார்த்த நண்பர் மேலிருந்து விழுந்த இரும்புச் சட்டத்தில் அடிபட்டு அவர் கண்ணெதிரே இறந்தார். விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி என எல்லாம் எடுத்தார். மனைவியின் நகை அடகுக்குப் போனது. பிறகு இரண்டு ஊர்களில் ஓதிப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போனார்கள். அவர் முதல் நாளே, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு வாந்தி வந்தது. பல மாதங்கள் எந்த மருத்துவரையும் பார்க்க மறுத்துவிட்டார்.

நம்மிடம் மனு வந்தபோது அவர் மனைவிதான் வந்தார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்குள்ள மருத்துவர் மருந்தைத் தொடங்கி, ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்த ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். முதல் மூன்று அமர்வுகளில் விபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "அவர் என்னைக் கேட்கவில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது" என்றார் அந்தச் சகோதரர். மொத்தம் 14 அமர்வுகள். இன்று உள்ளூரில் பள்ளி வேன் ஓட்டுகிறார். கட்டட வேலை நடக்கும் தெருவை இப்போதும் சுற்றித்தான் போகிறார். ஆனால் இரவில் தூங்குகிறார்.

முதல் ஆலோசகரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். மனக்காயத்துக்கான பயிற்சி அவரிடம் இல்லை. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியிலோ முதல் சந்திப்பிலோ இவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார்.

1. உங்கள் படிப்பு என்ன? எந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன?

2. விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்திருக்கிறீர்களா? எந்த முறையில்? அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?

3. முதல் சில அமர்வுகளில் என்ன செய்வீர்கள்?

4. ஏறத்தாழ எத்தனை அமர்வுகள் ஆகும்? ஒன்றுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம்? கட்டணச் சலுகை உண்டா?

5. நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், யாரிடம் சொல்லமாட்டீர்கள்? என் கணவரோ தகப்பனாரோ கேட்டால்?

6. அமர்வு தமிழில் நடக்குமா? தொழுகை நேரம், பர்தா, நோன்பு ஆகியவற்றுக்கு இடம் தருவீர்களா?

7. இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது?

முதல் இரண்டு கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஒருவரைப் பாருங்கள். "ஒரே அமர்வில் குணமாக்குகிறேன்" என்பவர், நோயாளியையே குறை சொல்பவர், அவரது மார்க்கத்தை இழித்துப் பேசுபவர், மருந்தை உடனே நிறுத்தச் சொல்லும் மருத்துவர் அல்லாதவர், தனிப்பட்ட உறவுக்கு முயல்பவர் ஆகியோரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

மருத்துவர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நம்மவர் கிடைத்தால் சிலருக்குப் பேச எளிது. வேறு சிலருக்கோ, மஹல்லாவில் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் வெளியூர்க்காரர், வேற்று மதத்தவர் எனில்தான் நிம்மதி. திறமையும் நேர்மையும் நம்பிக்கைக்குரிய தன்மையும்தான் முக்கியம். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அதை அவரிடமே சொல்லி, வேறு யாரையாவது சொல்லும்படி கேட்கலாம்.

பெண்களும் பிள்ளைகளும்

பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்பது அவர்கள் உரிமை. பெண் மருத்துவர் இல்லாத இடத்தில், கண்ணாடிக் கதவு உள்ள அறை, அல்லது கதவுக்கு வெளியே மஹ்ரமோ செவிலியரோ அமர்வது என்று பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் அறைக்குள் கூடவே உட்காருவேன் என்று யாரும் பிடிவாதம் செய்யாதீர்கள். உட்காரும் உறவினர் முன் அந்தப் பெண்ணால் சொல்ல முடியாத விஷயமே நோய்க்குக் காரணமாக இருக்கலாம். கணவரின் வன்முறை என்றால் பெண்கள் உதவி எண் 181.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். மருத்துவரும் மறைக்க முடியாது, ஜமாஅத்தும் "உள்ளுக்குள் பேசி முடிக்க" முடியாது. குழந்தை உதவி எண் 1098. குடும்ப மானம் என்ற பெயரில் மூடி மறைத்தால் தண்டனை குழந்தைக்குத்தான் போய்ச் சேர்கிறது.

நோன்பும் மாத்திரையும்

ரமலான் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஷவ்வாலில் மோசமான நிலையில் வருபவர்கள் உண்டு. ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பிடும் மாத்திரை என்றால் இஃப்தாருக்குப் பிறகோ ஸஹருக்கோ மாற்றித் தருவார். ஸஹர், தராவீஹ் காரணமாகத் தூக்கம் குறைவது இந்த நோயாளிகளைக் கூடுதலாகப் பாதிக்கும் என்பதால் பகலில் ஓய்வுக்கு வழி செய்யுங்கள். நோன்பு உடல்நிலைக்குக் கேடு என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகை மனநோயாளிக்கும் உரியதே. ஆலிமிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

வீட்டாரும் மஹல்லாவும்

விபத்து நடந்த வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் ஆறுதல் சொல்லப் போகிறோம். போகும் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று கேட்கிறோம். கண்ணால் பார்த்த அந்த ஒருவர் ஒரே நாளில் முப்பது பேருக்கு அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பவம் நடந்த உடனே விவரமாகப் பேசவைப்பது நோயைத் தடுக்காது என்பது மருத்துவத்தில் தெளிவாகிவிட்ட விஷயம். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஸலாம் சொல்லி, துஆச் செய்து, சாப்பாட்டுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் உதவுங்கள். விபத்துக் காட்சிகளை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் நோயாளியைப் பின்புறமிருந்து திடீரெனத் தொட்டு எழுப்பாதீர்கள். பெயர் சொல்லி எழுப்புங்கள். "எத்தனை நாளைக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்பாய்?" என்று கேட்காதீர்கள். மருத்துவரிடம் போகும் நாளில் கூடப் போங்கள். வந்த பிறகு "என்ன பேசினாய்?" என்று துருவாதீர்கள். ஒரு சபையில் பேசப்பட்டது அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்தது. மருத்துவரின் அறைக்கும் அது பொருந்தும். சட்டமும் நோயாளிக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு வரன் பேசும்போது அந்த விஷயத்தை ஊதிப் பெரிதாக்குபவர்கள் இதை அஞ்சிக்கொள்ளட்டும்.

"செத்துப்போனால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் அதைக் கோபத்தில் சொன்னதாக ஒதுக்காதீர்கள். ஹராம் என்று கண்டித்து வாயை அடைக்காதீர்கள். தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே தொடங்குவது?

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 2022-இல் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் வழிகாட்டுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருகிறது. சென்னையில் 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் பெங்களூரில் நிம்ஹான்ஸும் பெரிய மையங்கள். பக்கத்தில் உளவியலாளர் இல்லாவிட்டால் முதல் சந்திப்பை நேரிலும் மற்றவற்றை வீடியோ வழியாகவும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். அப்போது வீட்டில் கதவு சாத்திய தனி அறை தேவை. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், பாலிசி வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

அறக்கட்டளையின் சார்பில் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் பயணச் செலவும் கட்டணமும் தர ஏற்பாடு உண்டு. மனுவில் சம்பவத்தை எழுதத் தேவையில்லை, "மனநல சிகிச்சை" என்று எழுதினால் போதும். அதையும் எழுதத் தயங்குபவர்கள் "மருத்துவம்" என்று மட்டும் எழுதலாம். பெண்கள் நம் மகளிர் குழுச் சகோதரியிடம் நேரில் சொல்லலாம். ஆண்டறிக்கையில் இந்த உதவி பெறுவோரின் பெயரோ தெருவோ வராது. முதல் சந்திப்புக்குக் கூட வர ஆள் இல்லாதவர்களுக்கு ஒருவரை அனுப்பி வைக்கிறோம். அவர் மருத்துவமனை வாசலோடு நின்றுகொள்வார்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டில் உள்ள ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தால், இன்றே அவரிடம் விளக்கம் கேட்க உட்கார வேண்டாம். "உனக்குத் தூக்கம் சரியில்லை என்று தெரிகிறது, ஒரு டாக்டரைப் பார்ப்போமா? நான் கூட வருகிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இன்று மறுத்தால் பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடிச் செல்லும் துணிவை நம் சகோதர, சகோதரிகளுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் பொறுமையை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.